ஐந்தடி மூன்றங்குல மெழுகுதிரி

வெள்ளிக்கிழமை காலை 6.10, வவுனியா பஸ் நிலையம். மன்னார் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பக்திமான்கள் இதைக் கடவுள் செயல் என்பார்கள். நான் அலாரம் வைத்து நாலரைக்கு எழும்பியதுதான் காரணம் என்பேன். அப்படிப்பட்ட ஆள் என்பதால்தான் என்னைத் தலைமன்னாருக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தமிழில் சாட்சி சொல்பவரை நீதிபதிக்காகச் சிங்களத்திலும், சிங்களத்தில் சொல்பவரை மற்றவர்களுக்காகத் தமிழிலும் சொல்வது என் வேலை. இருபத்தெட்டு வருடமாக அடுத்தவரின் சத்தியத்தை என் வாயால் சொல்லிக் காலம் கழிகிறது. கணவர் இறந்து பதினொரு வருடம். கோயிலுக்கு யாராவது கூப்பிட்டால் போவேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது பழக்க தோஷம்.

மூன்று நாளுக்கு முன் றெஜினா போன் எடுத்தாள். என் அப்பா மன்னார் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது தலைமன்னாரில் மீனவர் ஒருவரின் மனைவி.

"எடி சாந்தி, நீ ஒருக்கா வா. பெட்டைக்கு விசர் பிடிச்சிட்டுது. கன்னியாஸ்திரியாப் போகப் போறாளாம்."

"வேதக்காரருக்கு அது சந்தோசமான விசயம்தானே?"

"மற்ற வீட்டுப் பெட்டை போனால் சந்தோசம். எனக்கு இருக்கிறது ஒண்டு. வாடியிலை கருவாடு பிரட்டேக்கை கடவுள் தன்னைப் பாத்தாராம். நீ கோட்டிலை எத்தினை பேரின்ர பொய்யைக் கண்டிருப்பாய். வந்து விசாரிச்சு, இது சரிவராதெண்டு சொல்லு. நீ சொன்னால் கேப்பாள்."

மாதா படத்துக்கு முன்னால் விளக்கை அணைய விடாத றெஜினாவா இப்படிப் பேசுவது? அந்த ஆச்சரியத்திலேயே லீவு எழுதிக் கொடுத்தேன்.

பஸ் கட்டணம் முந்நூற்று எண்பது ரூபா. தூரம் எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பறையனாலங்குளம் வரைக்கும் காடு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வயல். மடு மாதா கோயிலுக்குத் திரும்பும் மடுச் சந்தி வந்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். திருநீறு பூசியிருந்த கண்டக்டரும் டிக்கெற் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எந்தச் சாமியும் கோபிக்கக்கூடாது என்ற எச்சரிக்கை அவருக்கு இருந்தது போலும்.

8.40 மணிக்குத் தள்ளாடிச் சந்தியைக் கடந்து பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். மூன்று கிலோமீற்றர் போனால் மன்னார்த் தீவு. பஸ் நிலையத்தில் ஒரு கழுதை நேர அட்டவணைக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றிப் போய்த்தான் அடுத்த பஸ்ஸின் நேரத்தை வாசித்தேன்.

9.15 தலைமன்னார் பியர் பஸ். இருபத்தொன்பது கிலோமீற்றர். பக்கத்தில் எருக்கலம்பிட்டி மீன் வியாபாரி ஒருவர் இருந்தார். வழிநெடுகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டேன்: கடவுளை அனுபவத்தில் அறிந்தேன் என்று ஒருவர் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

அவர் யோசித்தார். "மீன் பட்டிருக்கு எண்டு ஒருத்தர் கடல்லயிருந்து போன் பண்ணினா நான் நம்புவன் தங்கச்சி. நம்பாட்டி யாவாரம் நடக்காது. ஆனா விலை பேச முன்னம் பெட்டியத் திறந்து பாப்பன்."

"இதிலை பெட்டியைத் திறக்கேலாதே?"

"அப்ப ஆளைப் பாருங்க. ஆளைத் திறந்து பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேசாலையில் இறங்கிப் போனார். சட்டம் படித்த எவரும் எனக்கு இதைவிடச் சுருக்கமாகச் சாட்சி பற்றிச் சொன்னதில்லை.

10.30 தலைமன்னார். வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த றெஜினாவின் கணவர் அலோசியஸ், "வாங்கோ தங்கச்சி, கதிரையிலை இருங்கோ" என்று சொல்லிவிட்டு மீண்டும் வலைக்குள் குனிந்துகொண்டார். இந்த விடயத்தில் தனக்குக் கருத்து இல்லை என்பதை அவர் முதுகு சொன்னது. மத்தியானம் பாரை மீன் குழம்பு, நண்டுப் பிரட்டல், சோறு. நான் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது மகள் ஜெனிற்றா வாடியிலிருந்து வந்தாள். வாடி என்பது கடற்கரையில் மீன் காயவைக்கும் ஓலைக் கொட்டில். ஜெனிற்றாவுக்கு வயது இருபத்தாறு. உயரம், கறுப்பு, வாய்க்காரி. "அன்ரி, கோட்டைத் தூக்கிக்கொண்டே வந்திட்டீங்களோ?" என்று சிரித்தாள். எனக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

நான்கு மணிக்கு இருவரும் பழைய இறங்குதுறைப் பக்கம் நடந்தோம். இந்தியாவுக்குக் கப்பல் போன துறை. துருப்பிடித்த இரும்புத் தூண்கள் தண்ணீரில் நிற்கின்றன. மணலில் இருந்து நான் விசாரணையைத் தொடங்கினேன்.

"எப்ப நடந்தது?"

"போன மாசியிலை ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம்."

"பக்கத்திலை ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. எல்லாரும் சாப்பிடப் போட்டினம்."

"நீ சாப்பிட்டனியோ?"

"இல்லை அன்ரி. காலமையும் சாப்பிடேல்லை."

"வெய்யிலோ?"

"நல்ல வெய்யில்."

"முந்தித் தலைசுத்து வாறதோ?"

"மூண்டு தரம் வந்திருக்கு."

தன் கதையைக் கெடுக்கக்கூடிய எல்லாவற்றையும் கேட்டவுடன் எடுத்துத் தந்தாள். கெட்டிக்காரச் சாட்சி இப்படிச் செய்யமாட்டார்.

"என்ன கண்டனி?"

"ஒண்டும் காணேல்லை. சத்தமும் இல்லை. காகம்தான் கத்தினது."

"மாதாவின்ர முகம் மாதிரி ஏதாவது? மல்லிகைப்பூ வாசம்?"

"கருவாட்டு வாசம்தான் அன்ரி" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். "ஆரோ என்னைப் பாத்துக்கொண்டு நிக்கினம் எண்டு தெரிஞ்சது. நல்ல பெட்டையோ, கூடாத பெட்டையோ எண்டு அளந்து பாக்கேல்லை. என்னட்டை ஒண்டும் வேணுமெண்டில்லை. சும்மா, விருப்பமாப் பாத்தது. இவ்வளவு காலமும் அப்பிடித்தான் பாத்துக்கொண்டு இருந்ததெண்டும் விளங்கிச்சுது."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பாய்க் கருவாடு பிரட்டி முடியிற நேரம்."

இதையே வேறு வேறு பக்கத்தால் மூன்று தரம் கேட்டேன். கட்டிச் சொல்லும் கதை, கேட்கக் கேட்க வளரும். வழக்கு இரண்டாம் தவணைக்கு வரும்போது சாட்சி கண்ட கத்தி நீண்டிருக்கும், நிலா வெளிச்சமும் கூடியிருக்கும். ஜெனிற்றாவின் கதை மூன்று தரமும் ஒரே அளவில் இருந்தது. அலங்கரிக்க நான் கொடுத்த ஒவ்வொரு சந்தர்ப்பத்தையும் அவள் திருப்பித் தந்துவிட்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதற்கு நான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் நேர்மையான சாட்சியும் ஆளை மாற்றி அடையாளம் காட்டுவதுண்டு. அதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே சொன்னேன்: "பசியும் வெய்யிலும் சேந்தால் மூளை இப்பிடி ஏதாவது செய்யும், பிள்ளை."

"செய்யலாம் அன்ரி. எனக்குத் தெரியாது. ஆனா மற்ற மூண்டு தரமும் நான் மயங்கி எழும்பினது மட்டும்தான். இந்தமுறை எழும்பினது வேறை ஆள்."

நான் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினேன். திடீரென்று கேட்டாள்: "உங்களுக்கு ஒருநாளும் அப்பிடி ஒண்டு வரேல்லையோ?"

"இல்லை" என்றேன். அவள் கேள்வியை முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது றெஜினா வேலிப் படலையில் காத்து நின்றாள். ஜெனிற்றா குளிக்கப் போனதும் என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்ன, பொய்தானே?"

"பொய் இல்லை."

"வெய்யில்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அதுக்குப் பிறகு அவளிலை ஏதாவது வித்தியாசம் கண்டனியோ?"

றெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வளவில் இருப்பவர் அலோசியஸின் தங்கை. வாடி எல்லையில் வந்த சண்டையில் ஆறு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அதில் மிகவும் கடுமையாக நின்றவள் ஜெனிற்றா. "அண்டைக்குப் பின்னேரமே வேலிக்கு அங்காலை போய் மாமியோடை கதைச்சிட்டு வந்தவள். என்னட்டை ஒரு சொல்லுக் கேக்காமல்! இப்ப அவவின்ர காலுக்கு எண்ணெய் போட்டு விடுறாள்." இதை அவள் குற்றச்சாட்டாகத்தான் சொன்னாள். எனக்கோ, வெளியாள் கண்ட முதல் தடயம் அது. கடவுள் வந்தார் என்பதற்கு அல்ல. ஏதோ வந்துபோனது என்பதற்கு.

"நாளைக்கு நாங்கள் மூண்டு பேரும் மடுவுக்குப் போவம். அங்கையிருந்து நீ வவுனியாவுக்குப் போகலாம்" என்றாள் றெஜினா. அவள் குரலில் ஏதோ ஒளிந்திருந்தது. தூக்கம் வந்ததால் நான் துருவவில்லை.

சனிக்கிழமை காலை 7.20, தலைமன்னார் பியர் ரயில் நிலையம். றெஜினா போர்வை சுற்றிய நீளமான ஒரு சாமானை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி இது?"

"மெழுகுதிரி. மன்னார் ரவுணிலை சொல்லிச் செய்விச்சனான்."

அவ்வளவு நீள மெழுகுதிரியை நான் அதுவரை பார்த்ததில்லை. ரயில் இருபது நிமிடம் தாமதம். பெட்டிக்குள் அதைப் படுக்கவைத்தால் நடக்கும் பாதை அடைபட்டது. நிமிர்த்தினால் அடுத்தவர் தலையில் சாய்ந்தது. கடைசியில் பைகள் வைக்கும் தட்டில் ஏற்றினோம். டிக்கெற் பரிசோதகர் அதை ஒருமுறை பார்த்து, எங்களை ஒருமுறை பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனார். மடுப் பாதையில் வேலை செய்பவருக்கு இதெல்லாம் பழகியிருக்கும்.

ரயில் பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்கு வந்ததும் வெயில் ஏறியது. ஜெனிற்றா காற்றுக்காகக் கதவடிக்குப் போனாள். நான் மேலே பார்த்தேன். மெழுகுதிரி நடுவில் இளகித் தொய்யத் தொடங்கியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு றெஜினாவிடம் சொல்லத் திரும்பினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"சாந்தி, நான் ஒரு பிழை விட்டனான்."

போர்க் காலத்தில் அவர்கள் மடுக் கோயில் வளவில் அகதியாக இருந்தது எனக்குத் தெரியும். அங்கே ஒரு மாதக் குழந்தையான ஜெனிற்றாவுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. மருந்து இல்லை. பிள்ளை பால் குடிப்பதையும் நிறுத்திவிட்டது. றெஜினா மாதாவிடம் நேர்ந்தாள்: காப்பாற்றித் தா, பிள்ளை உனக்குத்தான். காய்ச்சல் இறங்கியது. ஒரு வயதானதும் கொண்டுபோய்ப் பீடத்தடியில் கிடத்தி, பிள்ளைக்குப் பதிலாக அதன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பிள்ளையைத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஊரில் பலர் செய்கிற வழக்கம்தான்.

"அப்ப இரண்டரை அடி. இரண்டரை அடிக்குத்தான் நான் குடுத்தனான். பிள்ளை இப்ப அஞ்சடி மூண்டங்குலம். வளந்ததுக்கு ஆர் குடுத்தது? அதுதான் மாதா வந்து கேக்கிறா. இவளுக்கு இந்த நேர்த்திக்கடன் தெரியாது சாந்தி. தெரியாமலே கூப்பிடுது எண்டால், அது உண்மைதானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் மகளை நம்பாமல் என்னைக் கூப்பிடவில்லை. எல்லோரையும்விட முதலில் நம்பியது இவள்தான். பொய்யாக இருந்துவிட வேண்டும் என்றுதான் என்னைத் தேடியிருக்கிறாள். எனக்கு அவள்மீது கோபமும் வந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டாவதைச் செய்தேன்.

"இதை அவளுக்குச் சொல்லாதை. சொன்னால் இண்டைக்கே மடத்துக்குப் போயிடுவாள்."

"நான் சொல்ல மாட்டன். நீதான் சொல்ல வேணும்" என்றேன்.

9.25 மடு வீதி நிலையம். கோயிலுக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீற்றர். ஓட்டோ ஆயிரத்து ஐந்நூறு ரூபா கேட்டார். பேரம் பேசும் நிலையில் நாங்கள் இல்லை. வளைந்த மெழுகுதிரி எங்கள் மூவரின் மடியிலும் கிடந்து, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. காட்டு மரங்களின் நிழல் மாறி மாறி முகத்தில் விழுந்தது. ஜெனிற்றா மட்டும் பாடிக்கொண்டு வந்தாள்.

திருவிழாக் காலம் இல்லை. பெரிய மரங்களுக்குக் கீழே மணல் வெளி வெறுமையாகக் கிடந்தது. சில குடும்பங்கள் பாய் விரித்து இருந்தன. கோயிலின் பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் றெஜினா போர்வையைப் பிரித்தாள். மெழுகுதிரி நிமிர்ந்து நிற்க மறுத்தது. ஜெனிற்றா அதைத் தன் தோளோடு சேர்த்து அணைத்து, இளகிய இடத்தை அழுத்தி நேராக்கினாள். நுனி சரியாக அவள் உச்சந்தலையோடு வந்து நின்றது. அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா, இது என்ர உயரம்."

றெஜினா என்னைப் பார்த்தாள். நான் மரத்தைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவள் சொன்னாள். காய்ச்சல், நேர்த்தி, இரண்டரை அடி, எல்லாவற்றையும் அழுதழுது சொல்லி முடித்துவிட்டு, மகளின் கையைப் பிடித்தாள். "மிச்சத்தையும் இண்டைக்குக் குடுக்கிறன் மகள். இனி மாதா கேக்க மாட்டா. என்னோடை வந்திடு."

இந்த இடத்தில் என் மனம் ஒரு கணக்குப் போட்டிருந்தது. விருப்பமுள்ள சாட்சிக்கு எதிர்பாராமல் ஓர் ஆதாரம் கிடைத்தால், அவர் அதைப் பாய்ந்து பிடிப்பார். அம்மா என்னை நேர்ந்துவிட்டார், மாதா என்னை அழைத்திருக்கிறார், இதோ அத்தாட்சி என்று இவளும் சொல்லப்போகிறாள். அப்படிச் சொன்னால் அவள்மீது வைத்த மதிப்பில் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன் என்றும் நினைத்தேன்.

ஜெனிற்றா அதை எடுக்கவில்லை. அம்மாவின் முகத்தைத் சால்வை நுனியால் துடைத்தாள்.

"இல்லையம்மா. இது அது இல்லை."

"எப்பிடித் தெரியும்?"

"என்னைப் பாத்தது எப்பிடியெண்டு அன்ரிக்குச் சொன்னனான். கேட்டுப் பாருங்கோ."

றெஜினா என்னிடம் திரும்பினாள். வாழ்க்கையில் முதல்தடவையாகத் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தேன். "தன்னட்டை ஒண்டும் வேணுமெண்டில்லை எண்டு சொன்னவள். அளந்து பாக்கேல்லை எண்டும் சொன்னவள். நீ இந்த நேர்த்தியை எனக்குச் சொல்ல முன்னமே, நேற்றே, அவள் சொன்னது."

"கடன் கேக்க வாற ஆக்கள் அப்பிடிப் பாக்க மாட்டினம் அம்மா" என்றாள் ஜெனிற்றா. "மாதா அடி அளந்து வட்டி கேக்கிறவவோ? உங்கட நேர்த்தி அண்டைக்கே முடிஞ்சுது. நான் போறதெண்டால் எனக்கு விருப்பத்திலை போவன். உங்கட கடனுக்குப் போக மாட்டன். மடத்திலையும் உடனை எடுக்க மாட்டினம். ரெண்டு மூண்டு வருசம் வைச்சுப் பாப்பினம். நான் கண்டது வெறும் வெய்யிலெண்டால் அதுக்குள்ளை தெரிஞ்சுபோம். தெரிஞ்சால் உங்கட நண்டுப் பிரட்டலுக்குத் திரும்பி வாறன்."

றெஜினா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தைந்து வருடமாகச் சுமந்த பயம் ஒரு மனுஷியின் தோளிலிருந்து இறங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் தோள் உண்மையாகவே இறங்கியது. "அப்ப இந்த மெழுகுதிரியை என்ன செய்யிறது?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"கொளுத்துவம். என்னை மீட்கிறதுக்கு இல்லை. சும்மா, நன்றிக்கு."

கொளுத்தினோம். அது வலப்பக்கம் சாய்ந்தபடியே எரிந்தது. மூவரும் சிரித்துவிட்டோம். பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அம்மா முறைத்துப் பார்த்தார்.

புறப்படும்போது றெஜினா கோயில் வளவில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தாள். மடு மண் வீட்டில் இருந்தால் பாம்பு தீண்டாது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. சைவர்களும் எடுத்துப்போவார்கள். பாதியைக் கைலேஞ்சியில் முடிந்து மகளின் பைக்குள் வைத்தாள். "மடம் கண்டிப் பக்கம் எண்டு சொன்னனி. மலையிலை பாம்பு இருக்கும்" என்றாள். ஜெனிற்றா அம்மாவை இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். போகலாம் என்ற வார்த்தையை றெஜினா கடைசிவரை சொல்லவில்லை. அது தேவைப்படவும் இல்லை.

மற்றப் பாதியை என்னிடம் நீட்டினாள். "உனக்கு நம்பிக்கை இல்லை. ஆனா உன்ர கோட்டிலை பாம்பு நிறைய." வாங்கிக்கொண்டேன்.

பகல் 1.40. மடுச் சந்தியில் வவுனியா பஸ் ஏறினேன். கட்டணம் இருநூற்று முப்பது ரூபா. ஜன்னலோர இருக்கை இல்லை. திங்கட்கிழமை மறுபடியும் கோட்டுக்குப் போக வேண்டும். கண்டதை மட்டும் சொல் என்றுதான் அங்கே எல்லோருக்கும் சொல்கிறோம். ஒருவர் தனியே கண்டது, இன்னொருவருக்குக் காட்ட முடியாதது, எங்கள் பதிவேட்டில் ஏறாது. அது சரிதான். அதை வைத்து யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் ஒருவர் அதை வைத்து ஆறு வருடச் சண்டையை முடிக்கலாம், தாயின் பயத்தைத் தீர்க்கலாம், தன் வாழ்க்கையையே துணிந்து சோதனைக்குக் கொடுக்கலாம் என்பதை இரண்டு நாளில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கடவுள் இருக்கிறார் என்று தீர்ப்பு எழுத என்னால் இன்னும் முடியாது. வழக்கைத் தள்ளுபடி செய்யவும் முடியவில்லை.

பறையனாலங்குளம் தாண்டும்போது ஒரு விடயம் நெஞ்சை உறுத்தத் தொடங்கியது. இத்தனை வருடத்தில் மற்றவர்களின் பொய்யை மட்டும் சொல்லி வந்தவள், நேற்றுப் பழைய இறங்குதுறையில் முதன்முதலாகச் சொந்தமாக ஒன்று சொல்லியிருந்தேன். போனை எடுத்து ஜெனிற்றாவை அழைத்தேன். அவர்கள் திரும்பும் பஸ்ஸில் இருந்தார்கள்.

"பிள்ளை, நேற்று நீ ஒண்டு கேட்டனி. நான் இல்லையெண்டு சொன்னனான். அது பிழை."

பஸ் இரைச்சலுக்குள் அவள் குரல் கிட்ட வந்தது.

"எப்ப அன்ரி?"

"என்ர மனுசன் செத்த அண்டைக்கு. விடியக் காலமை, ஆசுப்பத்திரிக் கன்ரீனிலை, தேத்தண்ணி வாங்கிக்கொண்டு நிக்கேக்கை."

"பக்கத்திலை ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"சாப்பிட்டனீங்களோ?"

"ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை."

"நித்திரை?"

"அதுவும் இல்லை."

அவள் சிரிக்கவில்லை. "பறவாயில்லை அன்ரி. சொல்லுங்கோ" என்றாள்.

பதினொரு வருடமாக யாருக்கும் சொல்லாததை, கூட்டாமல் குறைக்காமல், அந்தத் தேநீர் ஆறுகிற நேரத்துக்குள் நடந்ததை மட்டும், நான் சொல்லத் தொடங்கினேன்.